போர்ஷேவை இன்னும் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி என்று சொல்லலாமா?

#1 பின்சக்கரம்

கொஞ்ச நாளாக ஒரு கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2023-இல் போர்ஷே உலகம் முழுக்க டெலிவரி கொடுத்த கார்கள் 3,20,221. அதில் கயேன் 87,553. மக்கான் 87,355. இந்த இரண்டு எஸ்யூவிகளைக் கூட்டினாலே பாதியைத் தாண்டிவிடுகிறது. 911 என்ற ஸ்போர்ட்ஸ் கார் வெறும் 50,146. இரண்டு இருக்கை கார்களான பாக்ஸ்டரும் கேமனும் சேர்ந்து 20 ஆயிரத்துச் சொச்சம்.

ஆனாலும் போர்ஷே என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே கண்ணில் வருவது தவளைக் கண் மாதிரி விளக்கு வைத்த அந்த 911 தான். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இவ்வளவு எஸ்யூவி விற்றும் அந்தப் பெயர் கெடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? இல்லை, ஏற்கெனவே கெட்டுவிட்டது, நாம்தான் ஒப்புக்கொள்ள மறுக்கிறோமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போர்ஷே மட்டும் இல்லை, மற்ற கம்பெனிகளையும் இழுக்கலாம்.

#2 சாரல்காற்று

டீக்கடையில் டீயைவிட வடை அதிகம் விற்றால் அதை வடைக்கடை என்றா சொல்கிறோம்?

#3 பின்சக்கரம்

உதாரணம் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். டீக்கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவது வடையைத்தான். அதிகம் விற்பதை முன்னால் வைக்கிறார். போர்ஷே நேர்மாறாகச் செய்கிறது.

#4 பழைய கார்புரேட்டர்

கயேன் ஏன் வந்தது என்று தெரியாமல் இதைப் பேச முடியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990-களின் தொடக்கத்தில் போர்ஷே கிட்டத்தட்ட மூழ்கிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் ஆண்டு விற்பனை ஏறத்தாழ 15 ஆயிரம் கார்களுக்கு வந்துவிட்டது. அப்போது பொறுப்பேற்றவர் வெண்டலின் வீடெகிங். டொயோட்டா முறை தெரிந்த ஜப்பானிய ஆலோசகர்களை வரவழைத்துத் தொழிற்சாலையைச் சீர்செய்தார். 1996-இல் பாக்ஸ்டர் வந்தது, மூச்சு வந்தது. ஆனால் இரண்டு இருக்கை கார்களை மட்டும் நம்பி ஒரு கம்பெனி எத்தனை காலம் ஓட்டும்? பொருளாதாரம் லேசாக இருமினால் முதலில் நிற்பது அந்த விற்பனைதான்.

மூன்றாவதாக ஒரு கார் வேண்டும் என்று தேடினார்கள். முதலில் பேசியது மெர்சிடிஸ் எம் கிளாஸோடு கூட்டுச் சேர. அது கைகூடவில்லை. பிறகு ஃபோக்ஸ்வேகன். 1998 ஜூனில் அறிவித்தார்கள், 2002-இல் கார் வந்தது. ஃபோக்ஸ்வேகனுக்கு டூவாரெக், போர்ஷேவுக்கு கயேன். பாடி ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில், பாகங்களைப் பூட்டும் கடைசி வேலை ஜெர்மனியின் லைப்சிக்கில்.

அப்போது கிடைத்த திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. முகத்தை 911-இலிருந்து வெட்டி ஒரு பெட்டிமேல் ஒட்டியதுபோல இருக்கிறது என்றார்கள். உண்மையைச் சொன்னால் அந்த முதல் கயேன் அழகே இல்லை, இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. ஆனால் 2020 டிசம்பரில் பத்து லட்சமாவது கயேன் வெளியே வந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லைப்சிக்கில் கயேனுக்காகக் கட்டிய அதே ஆலையில்தான் கரேரா ஜிடி என்ற பத்து சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் 1,270 செய்தார்கள். ஒரு பக்கம் வயிற்றுப்பாட்டுக்கு, இன்னொரு பக்கம் பெயருக்கு. எஸ்யூவியில் வந்த காசு எங்கே போனது என்று பாருங்கள். 911-க்குத் தலைமுறை தலைமுறையாகப் புது இன்ஜின், ஜிடி3 என்ற பந்தய வாடை அடிக்கும் 911, பந்தயம். உங்கள் கேள்விக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது.

#5 டர்போ தம்பி

அண்ணா, எல்லாம் சரி. ஆனால் லம்போர்கினி ஊருஸ், பென்ட்லி பென்டேகா, கயேன், ஆடி க்யூ7, க்யூ8, டூவாரெக் எல்லாம் ஒரே பிளாட்ஃபார்ம் தானே. நாலு கோடி கொடுத்து லம்போர்கினி ஸ்டிக்கர் ஒட்டிய ஆடி வாங்குகிறார்கள். இதில் என்ன மதிப்பு?

#6 மீனா எம்

தம்பி, நான் வேலை பார்ப்பது கார் உதிரிபாகத் துறையில், அதனால் இந்த ஸ்டிக்கர் பேச்சைக் கேட்டால் கொஞ்சம் எரிச்சல் வரும்.

நீங்கள் சொன்ன கார்களுக்கு எல்லாம் எம்எல்பி ஈவோ என்ற ஒரே பிளாட்ஃபார்ம், உண்மை. ஆனால் பிளாட்ஃபார்ம் என்றால் அச்சு மாதிரி ஒரே அடித்தட்டு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முன்சக்கரத்துக்கும் பெடலுக்கும் உள்ள தூரம், இன்ஜின் உட்காரும் இடம், மின்கம்பிகள் போகும் வழி, ஏசி, ஏர் சஸ்பென்ஷனின் அடிப்படை, பின்சக்கரத்தையும் திருப்பும் அமைப்பு. இவைதான் பொது. ஒரு புது காரில் காசைக் கரைப்பதும் இவைதான். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத இடங்கள். இவற்றை ஐந்து பிராண்டுகள் பகிர்ந்துகொண்டால், லம்போர்கினி மாதிரி சின்னக் கம்பெனியால்கூட ஒரு எஸ்யூவி செய்ய முடியும். தனியாக என்றால் முடியவே முடியாது.

வாங்குபவர் தொடுவதும் கேட்பதும் பார்ப்பதும் தனி. சத்தம், ஸ்டீயரிங் கனம், தோல், தையல், கதவு மூடும் ஒலி. ஒரே மாவில் இட்லியும் ஊற்றலாம், ஊத்தப்பமும் ஊற்றலாம். சாப்பிடுகிறவருக்கு இரண்டும் ஒன்று இல்லை.

ஆனால் தம்பி கேட்டதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பொதுவான பகுதி கண்ணில் பட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. பென்ட்லிக்குள் உட்கார்ந்து கை நீட்டினால் ஆடியில் பார்த்த அதே பொத்தான் கையில் தட்டுப்படக் கூடாது. அந்த ஒரு பொத்தானுக்காக நடக்கும் சண்டை வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

#7 டர்போ தம்பி

ஊத்தப்ப விளக்கத்துக்கு நன்றி மேடம். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாதி.

#8 குதிரைக் கொடி

ஃபெராரி ஆள் நான், வாங்கியதில்லை, வாங்கப்போவதும் இல்லை, ரசிகன் அவ்வளவுதான்.

லம்போர்கினியும் ஃபெராரியும் ஒரே பிரச்சினையை இரண்டு விதமாகக் கையாண்டதைப் பாருங்கள். லம்போர்கினிக்கு எஸ்யூவி புதிது இல்லை. 1986-இல் எல்எம்002 என்று ஒரு ராட்சசன் வந்தது. கவுன்டாக் ஸ்போர்ட்ஸ் காரின் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) இன்ஜின், அதற்கென்றே பிரெல்லி செய்து கொடுத்த டயர். ஏறத்தாழ 300 வண்டிகளோடு நிறுத்திவிட்டார்கள். அந்த ஞாபகம் இருந்ததால் 2017 டிசம்பரில் ஊருஸைக் காட்டியபோது கூச்சமே இல்லாமல் எஸ்யூவி என்று சொல்ல முடிந்தது. இத்தாலியின் சான்ட்டாகத்தாவில் உள்ள ஆலையை 80 ஆயிரம் சதுர மீட்டரிலிருந்து இரண்டு மடங்காக்கினார்கள். 2017-இல் 3,815 கார் விற்ற கம்பெனி 2019-இல் 8,205 விற்றது. 2023-இல் 10,112. அதில் ஊருஸ் மட்டும் 6,087. நூற்றுக்கு அறுபது.

ஃபெராரி? 2016-இல் எஸ்யூவி பற்றிக் கேட்டபோது, அதற்கு முன் என்னைச் சுட்டுவிடுங்கள் என்ற அளவுக்குப் பேசினார் தலைவர் செர்ஜியோ மார்க்கியோனே. ஓரிரு வருடத்தில் அவரே இறங்கிவந்தார். 2018 ஜூலையில் அவர் இறந்தார், செப்டம்பரில் புரோசாங்க்வே என்ற பெயரை அறிவித்தார்கள். கார் வந்தது 2022-இல்.

இங்கேதான் அவர்கள் மூளை. இது எஸ்யூவி இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்கள். டர்போ வைக்கவில்லை, 6.5 லிட்டர் வி12, 725 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் பின்னால். பின்கதவுகள் எதிர்ப்பக்கம் திறக்கும். யாரிடமும் பிளாட்ஃபார்ம் கடன் வாங்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், மொத்த உற்பத்தியில் 20 சதவீதத்துக்கு மேல் இது போகாது என்று தாங்களே வேலி போட்டுக்கொண்டார்கள். காசு கையில் வந்து நின்றாலும் வேண்டாம் என்பது.

#9 சாரல்காற்று

வேண்டாம் என்று சொல்லவே நிறைய காசு வேண்டும் போலிருக்கிறது.

#10 பழைய கார்புரேட்டர்

குதிரைக் கொடி சொன்னது அருமை. ஆனால் லம்போர்கினியைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஊருஸ் வாங்கியவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்கு அதுதான் முதல் லம்போர்கினி என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஃபெராரிக்குப் புது ஆள் தேவையில்லை, வாசலில் வரிசை நிற்கிறது. லம்போர்கினிக்குத் தேவை. இரண்டு வீட்டுக்கும் ஒரே வைத்தியம் சரிப்படாது.

#11 வெண்ணிலா

பெயர் விளையாட்டைப் பற்றி யாரும் இன்னும் முழுதாகப் பேசவில்லையே. இந்த வியாபாரத்தில் எஸ்யூவி என்ற சொல்லே தீட்டு.

ரோல்ஸ்-ராய்ஸ் கல்லினன் 2018-இல் வந்தபோது அதை உயரமான உடல் கொண்ட கார் என்கிற மாதிரி சுற்றிவளைத்துச் சொன்னார்கள். பெயரையும் பாருங்கள், 1905-இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த வைரத்தின் பெயர். சேற்றில் போகும் வண்டிக்கு வைரப் பெயர். தாய்க் கம்பெனி பிஎம்டபிள்யூவின் எக்ஸ்7 அடித்தட்டை எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. தங்களுடைய ஃபேன்டம் காருக்குச் செய்த அலுமினியக் கட்டமைப்பையே எடுத்தார்கள். இது வேண்டுமென்றே செய்தது. அடுத்த நாளே பத்திரிகையில் இது உயரமாக்கிய பிஎம்டபிள்யூ என்று வந்துவிடக் கூடாது.

அந்த பிஎம்டபிள்யூவே 1999-இல் எக்ஸ்5 கொண்டுவந்தபோது ஸ்போர்ட்ஸ் ஆக்டிவிட்டி வெஹிக்கிள் என்று புதுப் பெயர் வைத்தது. எஸ்யூவி என்றால் லாரி மாதிரி ஆடும், எங்களுடையது கார் மாதிரி ஓடும் என்று அர்த்தம். இத்தனைக்கும் அப்போது லேண்ட் ரோவரே அவர்கள் கையில் இருந்தது!

பென்ட்லி மட்டும் முதலில் அடிபட்டது. 2012 ஜெனீவா கார் கண்காட்சியில் இஎக்ஸ்பி 9 எஃப் என்று ஒரு மாதிரிக் காரைக் காட்டினார்கள். உலகமே சிரித்தது. மூன்று வருடம் மறுபடி வரைந்து 2015-இல் பென்டேகாவாகக் கொண்டுவந்தார்கள். சிரித்த சந்தையிலேயே அது அதிகம் விற்கும் பென்ட்லி ஆனது.

#12 டர்போ தம்பி

மெர்சிடிஸ் ஜி வேகனை விட்டுவிட்டீர்களே! 1979-இல் வந்த பெட்டி. எத்தனையோ தடவை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. 2018-இல் அடியோடு மாற்றினார்கள், ஆனால் பார்க்க அதே பெட்டி. கதவு கைப்பிடிகூட பழைய மாதிரியே, அந்த டங் என்ற சத்தத்தோடு. மெர்சிடிஸ் பட்டியலில் மற்ற எஸ்யூவி எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென ஆகும்போது இது மட்டும் கோணம் கோணமாக நிற்கிறது.

#13 டெட்ராய்ட் குளிர்

இங்கே அமெரிக்காவில் இருந்து ஒரு விஷயம். எல்லாம் பிம்பம், பாரம்பரியம் என்று பேசுகிறோம். இங்கே எஸ்யூவி பெருகியதற்கு வருமான வரியும் ஒரு காரணம்.

மொத்த எடைத் தகுதி (வண்டியும் அது தாங்கும் சுமையும் சேர்த்து) 6,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் தொழிலுக்கு வாங்கும் வண்டியின் செலவை முதல் வருடமே பெரிய அளவில் கழிக்கலாம். சாதாரண காருக்கு அந்தச் சலுகை இல்லை, வருடத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு. 2003-இல் அந்தக் கழிவை ஒரு லட்சம் டாலர் வரை உயர்த்தினார்கள். பல் டாக்டரும் வீட்டுத் தரகரும் கனமான சொகுசு எஸ்யூவி வாங்கக் கிளம்பினார்கள். சத்தம் கிளம்பியதும் 2004-இல் எஸ்யூவிக்கு மட்டும் 25 ஆயிரம் டாலர் என்று குறைத்தார்கள். எரிபொருள் விதியிலும் இவை லாரி வகையில் சேரும், அதனால் தளர்வு. கயேன் அமெரிக்காவுக்கு வந்த காலம் இதுதான்.

#14 பின்சக்கரம்

இது எனக்குத் தெரியாத கோணம். நன்றி.

பழைய கார்புரேட்டர் அண்ணா சொன்ன கணக்கைச் சோதிக்க எதிர் உதாரணம் வேண்டும். எஸ்யூவி நன்றாக விற்றும் பெயர் போன கம்பெனி எது?

#15 பழைய கார்புரேட்டர்

ஜாகுவார். யோசிக்கவே வேண்டாம்.

2016-இல் எஃப்-பேஸ் என்ற எஸ்யூவி வந்தது. அடுத்த வருடம் உலகின் சிறந்த கார் விருது. அதிகம் விற்ற ஜாகுவார் அதுதான். பிறகு இ-பேஸ், 2018-இல் மின்சார ஐ-பேஸ், அதற்கும் 2019-இல் அதே விருது. 2018-இல் கம்பெனி 1.8 லட்சம் கார் விற்றது. அப்புறம் சரிந்தது. 2021-இல் எக்ஸ்ஜே என்ற பெரிய சொகுசு காரை மின்சாரத்தில் கொண்டுவரும் திட்டத்தையே ரத்து செய்தார்கள். 2024-இல் எஃப்-டைப் ஸ்போர்ட்ஸ் கார், எக்ஸ்இ, எக்ஸ்எஃப் செடான்கள் எல்லாம் நின்றன. அந்த ஆண்டு நவம்பரில் புது எழுத்து, புது சின்னம், காரே இல்லாத விளம்பரம். டிசம்பரில் மயாமியில் டைப் 00 என்ற மாதிரிக் கார். இனி மின்சாரம் மட்டும், இன்னும் மேல்விலைக்கு மட்டும் என்று முடிவு.

#16 குதிரைக் கொடி

மறுக்கிறேன் அண்ணா. ஜாகுவாரிடமும் எஃப்-டைப் இருந்ததே? 911-க்கு நேர் போட்டி என்றுதானே கொண்டுவந்தார்கள்? முன்னால் வைக்க அழகான கார் இருந்தும் மூழ்கினார்களே.

#17 பழைய கார்புரேட்டர்

நல்ல கேள்வி, என் வாதத்தில் ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அடைக்கப் பார்க்கிறேன்.

எஃப்-டைப் 2013-இல் வந்து 2024 வரை அதே கார். முகத்தில் கொஞ்சம் வேலை செய்தார்கள், அடுத்த தலைமுறை வரவே இல்லை. அதே காலத்தில் 911 புதுத் தலைமுறைக்கு மாறி, அதற்குள்ளேயே இருபது வகை ஆனது. முன்னால் ஒரு கார் இருந்தால் போதாது, அதற்குத் தொடர்ந்து தீனி போட வேண்டும்.

இன்னொன்று விலை. எஃப்-பேஸும் எக்ஸ்இயும் பிஎம்டபிள்யூ, ஆடி, மெர்சிடிஸ் என்ற மூன்று யானைகள் நடுவே, அதே விலையில் மோதின. யானை லட்சக்கணக்கில் செய்கிறது, தள்ளுபடியும் கொடுக்க முடியும். ஜாகுவாரால் முடியாது. அந்த கார்களில் லாபம் ஏறத்தாழ இல்லை என்று தாய்க் கம்பெனியே பின்னால் சொன்னது. காசே வராத எஸ்யூவியால் யாருக்குத் தீனி போடுவது?

#18 மீனா எம்

இதே வீட்டில் பக்கத்து அறையைப் பாருங்கள். ரேஞ்ச் ரோவர். டாடா 2008-இல் 2.3 பில்லியன் டாலருக்கு ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும் சேர்த்துத்தான் ஃபோர்டிடம் வாங்கினார்கள். ரேஞ்ச் ரோவருக்கு இந்தத் தர்மசங்கடமே கிடையாது, ஏனென்றால் அதன் பெயரே எஸ்யூவியில் பிறந்தது. 1970-இல் வந்தபோது இரண்டு கதவு, தண்ணீர் அடித்துக் கழுவலாம் என்கிற மாதிரி வினைல் இருக்கை. நாலு கதவே 1981-இல்தான். பண்ணைக்காரர் வண்டி அரண்மனை வண்டியாக மேலே ஏறியது. கீழே இறங்குவதுதான் கஷ்டம், ஏறுவது சுகம்.

2011-இல் ஈவோக் என்று சின்னதாக ஒன்று இறக்கினார்கள். பெரியதைவிட விலை குறைவுதான், ஆனாலும் அதை மலிவு வண்டியாக ஆக்கவில்லை. 2023 முதல் ரேஞ்ச் ரோவர், டிஃபெண்டர், டிஸ்கவரி, ஜாகுவார் என்று நாலையும் தனித்தனி பிராண்டாகவே காட்டுகிறார்கள். பச்சை நீள்வட்ட லேண்ட் ரோவர் சின்னம் பின்னுக்குப் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

#19 செங்கை வாசி

நம் ஊர்ச் செய்தி ஒன்று. பிஎம்டபிள்யூ ஆலை 2007 முதல் எங்கள் செங்கல்பட்டுப் பக்கம்தான் இருக்கிறது. எக்ஸ்1, எக்ஸ்3, எக்ஸ்5, எக்ஸ்7 எல்லாம் இங்கே பாகங்களைப் பூட்டித்தான் ஷோரூமுக்குப் போகின்றன. ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் டாடா ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் போட்டார்கள், ஜேஎல்ஆர் (ஜாகுவார் லேண்ட் ரோவர்) கார்களுக்கும் சேர்த்து.

அந்த வருடமே புனேயில் பெரிய ரேஞ்ச் ரோவரையும் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டையும் பூட்டத் தொடங்கினார்கள். 54 வருடத்தில் முதல்முறையாக இங்கிலாந்துக்கு வெளியே என்று செய்திகள் வந்தன. விலை சட்டென்று இறங்கியது, பெரியது 2.36 கோடி, ஸ்போர்ட் 1.40 கோடி என்று. வாங்க நினைத்தவருக்குக் கொண்டாட்டம். அதற்கு முந்தின மாதம் முழு இறக்குமதி விலை கொடுத்தவர் முகத்தை யோசித்துப் பாருங்கள். பிராண்டுக்கு இது கத்திமேல் நடை.

#20 கீ செயின்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஒரு ஐரோப்பிய சொகுசு பிராண்டின் ஷோரூமில் விற்பனையில் இருக்கிறேன். எந்த பிராண்ட், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், வேலை போய்விடும்.

தள்ளுபடி பற்றிச் சொல்கிறேன். விலைப்பட்டியலில் எண்ணைத் தொடவே மாட்டோம். இன்சூரன்ஸ் எங்கள் செலவு, சர்வீஸ் பேக்கேஜ் இலவசம், பழைய காருக்குக் கூடுதல் விலை. வாடிக்கையாளருக்கு ஐந்து லட்சம் மிச்சமாகும், ஆனால் ரசீதில் கார் விலை அப்படியே இருக்கும். ஏனென்றால் ரசீதில் குறைந்தால் அடுத்த மாதம் பழைய கார் சந்தையிலும் குறையும். மாதக் கடைசியில் இலக்கு எட்டவில்லை என்றால் எங்கள் பெயரிலேயே பதிந்து டெமோ கார் என்று கொஞ்ச நாள் கழித்துக் கொடுப்பதும் உண்டு.

அதிகம் கேட்கும் மாடலாக இருந்தால் நிலைமை தலைகீழ். புக்கிங் கையில் இருக்கும், கார் இருக்காது. யாருக்கு முதலில் என்பதில் தொடர்ந்து எங்களிடமே வாங்கியவருக்கு முன்னுரிமை. குதிரைக் கொடி சொன்ன 20 சதவீதக் கட்டுப்பாடு எல்லாம் எங்களுக்குக் கனவு.

#21 டெட்ராய்ட் குளிர்

இப்போது உண்மையான தலைவலி சீனாவில் இருக்கிறது. போர்ஷே அங்கே 2021-இல் 95,671 கார் விற்றது. 2024-இல் 56,887. அங்கே பணம் உள்ள இளைஞர்களுக்கு 911 கதை தாத்தா கதை. ஷாவ்மி மாதிரி போன் கம்பெனியே கார் செய்து பாதி விலைக்குத் தருகிறது, திரை பெரிது, வேகமும் குறைவில்லை. கண்ணாடிப் பெட்டியில் எதை வைத்தால் அவர்கள் நின்று பார்ப்பார்கள் என்றே இவர்களுக்குத் தெரியவில்லை.

அதோடு மக்கான் குழப்பம். புது இணையப் பாதுகாப்பு விதியால் பெட்ரோல் மக்கானை 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிறுத்தினார்கள். மாற்று மின்சார மக்கான் மட்டும். இப்போது அந்த அளவில் மறுபடியும் பெட்ரோல் எஸ்யூவி ஒன்று செய்கிறோம் என்கிறார்கள். கிளையை வெட்டிவிட்டு மறுபடி ஒட்டுப்போடுகிற வேலை.

#22 பின்சக்கரம்

கீ செயின், உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் ஷோரூமில் தெருவைப் பார்த்த கண்ணாடி ஓரத்தில் எந்தக் கார் நிற்கிறது?

#23 கீ செயின்

சிவப்பு, இரண்டு கதவு, தாழ்வான கார். தலைக்கு நேர் மேலே தனி விளக்கு. வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் காலையில் ஒரு பையன் அதைத் துடைப்பான். ஞாயிற்றுக்கிழமை அப்பாக்கள் பிள்ளைகளோடு வந்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் உள்ளே வந்து, சார், ஏழு பேர் உட்காருகிற மாதிரி என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.

போன தீபாவளிக்கு ஒருவர் உண்மையாகவே அந்தச் சிவப்புக் காருக்கு விலை கேட்டுவிட்டார். மேலாளர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அது போனால் கண்ணாடி ஓரத்தில் வைக்க வேறு கார் இல்லை.